பழம் பிடிக்கும் விளையாட்டைத் திருத்த ஒரு கருவி

வேலை இதுதான். நடுநிலை வகுப்புப் பிள்ளைகள் ஸ்க்ராட்சில், அதாவது பிளாக் எனப்படும் கட்டளைத் துண்டுகளை ஒட்டி நிரல் எழுதும் மென்பொருளில், ஒரு விளையாட்டு செய்கிறார்கள். மேலிருந்து பழம் விழும். கீழே ஒரு கிண்ணம் இடமும் வலமும் நகரும். பழம் கிண்ணத்தில் பட்டால் மதிப்பெண் ஒன்று கூடும். பச்சைக் கொடியை அழுத்தினால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். வகுப்பு முடிந்ததும் ஆசிரியையின் கணினியில் ஒரு ஃபோல்டர் நிறையக் கோப்புகள் சேர்ந்துவிடும். ஒவ்வொன்றையும் திறந்து, ஓட்டி, விளையாடிப் பார்த்து, உள்ளே இருக்கும் பிளாக்குகளைப் படித்து, பிள்ளைக்கு உருப்படியாக ஏதாவது சொல்ல வேண்டும். இப்படி நாலைந்து வகுப்புகள் என்றால் ஒருவரால் முடிகிற காரியமா? அதற்காகத்தான் ஒரு கருவி கட்டினோம். எப்படிக் கட்டினோம், எதை வேண்டுமென்றே விட்டுவிட்டோம் என்பதை, இதே வேலையில் இறங்குகிற மற்றவர்களுக்காக எழுதிவைக்கிறேன்.

தொடங்கும் முன் ஆசிரியையிடம் என்ன வேண்டும் என்று கேட்டேன். "மார்க் போடுறது பெரிய விஷயமில்ல சார். நாளைக்கு வகுப்புக்குள்ள போனா முதல்ல எந்தப் பிள்ளை பக்கத்துல உட்காரணும், என்ன கேட்கணும், அது தெரிஞ்சா போதும்" என்றார். பிறகு எங்கே குழப்பம் வந்தாலும் இந்தப் பதிலை வைத்துத்தான் முடிவெடுத்தோம்.

கோப்பைப் பிரித்தால்

ஸ்க்ராட்சின் மூன்றாம் பதிப்பு 2019 ஜனவரியில் வந்தது. அது சேமிக்கும் எஸ்பி3 கோப்பு உண்மையில் ஒரு ஜிப் கோப்புதான். பிரித்தால் படங்களும் ஒலிகளும் தனித்தனியாகக் கிடக்கும். அவற்றோடு ஜேசன் வடிவில் (தரவை எழுத்தாக அடுக்கிவைக்கும் முறை) ஒரே ஒரு எழுத்துக் கோப்பு இருக்கும். பிள்ளை செய்த வேலை முழுக்க அதற்குள்தான். மேடை ஒன்று, ஸ்பிரைட்டுகள் (பழம், கிண்ணம் போன்ற உருவங்கள்) சில. ஒவ்வொன்றுக்கும் கீழே அதன் வேரியபிள்கள் (மதிப்பெண் போல மாறும் மதிப்பை வைக்கும் பெட்டிகள்), லிஸ்ட்கள், பிளாக்குகள். ஒவ்வொரு பிளாக்குக்கும் ஓர் அடையாளச் சரம், அது எந்த வகை பிளாக் என்று சொல்லும் ஆப்கோட், அதற்கு மேலே ஒட்டியிருப்பது எது, கீழே ஒட்டியிருப்பது எது என்ற விவரம்.

இதில் ஒரு பெரிய வசதி உண்டு. பிள்ளை எந்த மொழியில் ஸ்க்ராட்சை வைத்து வேலை செய்தாலும் ஆப்கோட் மாறாது. திரையில் தெரியும் பெயர் வேறாக இருக்கலாம், உள்ளே இருக்கும் குறி ஒன்றுதான். ஆனால் ஸ்பிரைட்டின் பெயரும் வேரியபிளின் பெயரும் அப்படியல்ல. மதிப்பெண் வேரியபிளுக்கு ஒரு பிள்ளை 'ஸ்கோர்' என்று வைத்திருக்கும், இன்னொன்று 'புள்ளி' என்று, மற்றொன்று தன் தம்பியின் பெயரை. ஸ்க்ராட்ச் தானாகத் தந்த பெயரையே மாற்றாமல் விட்டவர்களும் உண்டு. ஆகவே பெயரை நம்பி எதையும் தேடக்கூடாது என்பது முதல் நாளே முடிவாகிவிட்டது.

எண்ணிக்கை எங்கே உதவவில்லை

பிளாக்குகளைப் படித்துத் தானாக மதிப்பிடும் முயற்சிகள் ஏற்கெனவே உண்டு. 2013-ல் வந்த ஹேர்பால் என்ற நிரல் ஸ்க்ராட்ச் கோப்புகளை ஓட்டாமலே அலசியது. அதன்மேல் கட்டப்பட்டதுதான் ஸ்பெயினில் உருவான டாக்டர் ஸ்க்ராட்ச். அதன் அடிப்படைக் கணக்கு ஏழு தலைப்புகளில் ஒவ்வொன்றுக்கும் 3 வரை மதிப்பெண் கொடுக்கும், மொத்தம் 21. நிரலின் ஓட்டம், தர்க்கம், தரவு, ஒரே நேரத்தில் பல வேலை, ஒத்திசைவு, பயனரோடு ஊடாட்டம், பிரித்துச் செய்தல் ஆகியவையே அந்தத் தலைப்புகள். வரிசையாக அடுக்கினால் 1, திரும்பச்செய் அல்லது எப்போதும் என்ற சுழற்சி இருந்தால் 2, 'இது நடக்கும் வரை திரும்பச்செய்' இருந்தால் 3 என்கிற மாதிரி.

ஒரு பிள்ளை ஆண்டு முழுக்கச் செய்த வேலைகளை அடுக்கி, எதையெல்லாம் தொட்டிருக்கிறாள் என்று பார்க்க இது நல்ல கருவி. ஆனால் குறிப்பிட்ட ஒரு பணியைத் திருத்த இந்த முறை போதாது. எங்கள் கோப்புகளிலிருந்தே இரண்டைச் சொல்கிறேன்.

முதல் கோப்பில் பழத்துக்கான ஸ்க்ரிப்ட் (ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டிய பிளாக்குகளின் அடுக்கு) இப்படி: பச்சைக் கொடி அழுத்தியதும், 'கிண்ணத்தைத் தொட்டால் மதிப்பெண்ணை 1 கூட்டு'. அதற்குக் கீழே 'எப்போதும்' சுழற்சி, அதற்குள் பழம் கீழே இறங்குகிறது. 'தொட்டால்' என்ற சோதனை சுழற்சிக்கு வெளியே இருக்கிறது. கொடியை அழுத்திய அந்தக் கணத்தில் ஒரே ஒரு முறை தொட்டிருக்கிறதா என்று பார்க்கும், அப்புறம் பார்க்கவே பார்க்காது. மதிப்பெண் ஒருபோதும் கூடாது. எண்ணிப் பார்த்தால் சுழற்சி இருக்கிறது, நிபந்தனை இருக்கிறது, வேரியபிள் இருக்கிறது. சரியாக ஓடும் விளையாட்டுக்கும் இதற்கும் பிளாக் எண்ணிக்கையில் இம்மி வித்தியாசம் இல்லை.

இரண்டாவது கோப்பில் 'இப்படியானால் இதைச் செய்' என்ற வகை நிபந்தனை பிளாக்கே கிடையாது. 'கிண்ணத்தைத் தொடும் வரை கீழே இறங்கு' என்று ஒரு சுழற்சி, அது முடிந்ததும் மதிப்பெண்ணைக் கூட்டு, பழத்தை மேலே அனுப்பு. இது மொத்தமும் 'எப்போதும்' என்பதற்குள். தவறவிட்ட பழம் கீழ் விளிம்பில் நின்றுகொள்ளும். ஸ்க்ராட்ச் ஸ்பிரைட்டை மேடைக்கு வெளியே முழுதாகப் போகவிடாது. கிண்ணம் வந்து தொடும்வரை பழம் அங்கேயே காத்திருக்கும். அழகான தீர்வு, பிசகாமல் ஓடுகிறது. ஆனால் டாக்டர் ஸ்க்ராட்ச் கணக்கில் தர்க்கத்துக்கு இந்தப் பிள்ளைக்குச் சுழியம்.

இன்னொரு கவலையும் எனக்கு உண்டு. மதிப்பெண் எதற்குக் கிடைக்கிறது என்று பிள்ளைகள் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவார்கள். குளோன் (ஸ்பிரைட்டை நகலெடுக்கும்) பிளாக் போட்டால் மார்க் ஏறும் என்று தெரிந்தால், தேவையே இல்லாத இடத்தில் குளோன் முளைக்கும். இந்த விளையாட்டுக்கு 'எப்போதும்' என்பதுதான் இயல்பான சுழற்சி. அதை விட்டுவிட்டு 3 மதிப்பெண்ணுக்காக வேறொன்றுக்குப் பிள்ளையைத் தள்ளும் கருவி எனக்கு வேண்டாம். பிள்ளையின் நிரல் என்ன செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். அதற்கு விளையாட்டை ஓட்டியே ஆக வேண்டும்.

ஆளில்லாமல் ஓட்டுவது

ஸ்க்ராட்சை ஓட்டும் எந்திரம் ஸ்க்ராட்ச்-விஎம் என்ற பெயரில் திறந்த மூலமாகக் கிடைக்கிறது. பழைய பதிப்புக் கோப்புகளையும் அதுவே புரிந்துகொண்டு ஏற்றிக்கொள்ளும். கொடியை அழுத்து, இந்த விசையை அழுத்து, இந்த ஸ்பிரைட் இப்போது எங்கே நிற்கிறது என்றெல்லாம் நிரல் வழியாகவே கேட்கலாம். ஜெர்மனியில் பாசாவ் பல்கலைக்கழகத்தில் இதை அடிப்படையாக வைத்து விஸ்கர் என்ற சோதனைக் கருவியைச் செய்திருக்கிறார்கள். பெரிதாகச் செய்ய நினைப்பவர்கள் அதைப் பார்க்கலாம். எங்களுக்கு ஒரே ஒரு பணிக்கு மட்டும் தேவை என்பதால் சின்னதாக நாங்களே எழுதிக்கொண்டோம்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, முன்கூட்டியே தெரிந்தால் நல்லது. இந்த எந்திரத்தைத் திரையில்லாமல் நோட் ஜேஎஸ்ஸில் (பிரவுசர் இல்லாமல் ஜாவாஸ்க்ரிப்ட் நிரலை ஓட்டும் மென்பொருள்) தனியாக ஓட்டினால் நகர்வு, வேரியபிள், செய்தி அனுப்புதல் எல்லாம் சரியாக நடக்கும். ஆனால் 'தொடுகிறதா' என்ற கேள்விக்கு எப்போதும் 'இல்லை' என்றே பதில் வரும். பிழைச் செய்தி எதுவும் வராது. மூலநிரலைத் திறந்து பார்த்தால் காரணம் தெரியும்: இரண்டு ஸ்பிரைட்டுகள் தொடுகின்றனவா என்பதைப் படம் வரையும் பகுதிதான் அவற்றின் புள்ளிகளைப் பார்த்துச் சொல்கிறது. அந்தப் பகுதி இணைக்கப்படாவிட்டால் 'இல்லை' என்று சொல்லிவிடு என்று எழுதியிருக்கிறார்கள். எங்கள் பணியே தொடுவதைப் பற்றியது. ஆகவே திரை காட்டாமல் பின்னணியில் ஓடும் ஒரு பிரவுசருக்குள், வரையும் பகுதியோடு சேர்த்தே ஓட்டினோம்.

அடுத்து கடிகாரம். ஸ்க்ராட்ச் நொடிக்கு 30 சுற்று ஓடும். 'ஒரு நொடி காத்திரு' என்றால் உண்மையாகவே ஒரு நொடி காத்திருக்கும். ஒவ்வொரு கோப்பையும் ஒரு நிமிடம் ஓட்டிப் பார்ப்பதென்றால் ஃபோல்டர் முடிய வெகுநேரம் ஆகும். அதனால் பிரவுசர் பக்கத்தின் கடிகாரத்தை நாங்களே பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் 33 மில்லிவினாடி நகர்த்தினோம். இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரு சுற்றுக்குள் திரையில் எதுவும் மாறவில்லை என்றால், அந்தச் சுற்றுக்கான நேரம் தீரும்வரை எந்திரம் சுழற்சிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டே இருக்கும். நேரம் தீர்ந்ததா என்று அது கடிகாரத்தைத்தான் கேட்கிறது. கடிகாரம் அசையாமல் நின்றால் அந்தச் சுற்று முடியவே முடியாது. அதனால் கேட்கும் ஒவ்வொரு முறையும் ஒரு துளி நகரும் கடிகாரமாக அதை மாற்றினோம். தற்செயல் எண்ணையும் இதேபோல ஒரு நிலையான வரிசையிலிருந்து எடுக்க வைத்தோம். ஒரே கோப்பை இரண்டு தடவை ஓட்டினால் இரண்டு விதமான முடிவு வந்தால் பிள்ளையிடம் எந்த முகத்தோடு போய் நிற்பது?

எது பழம், எது கிண்ணம், எது மதிப்பெண்

பெயரை நம்ப முடியாது என்றேன் அல்லவா. அப்படியென்றால் கிண்ணம் எது என்று கருவிக்கு எப்படித் தெரியும்? செய்து பார்த்துத்தான். கொடியை அழுத்து, வலது அம்பு விசையை அழுத்திப் பிடி, எந்த ஸ்பிரைட்டின் எக்ஸ் கூடுகிறது என்று பார். இடது விசைக்குக் குறைகிறதா? அப்படியானால் அதுதான் கிண்ணம். அம்பு விசைக்கு எதுவும் அசையவில்லை என்றால் ஏ, டி விசைகள், அதற்கும் இல்லையென்றால் மவுஸ். விசை எதையும் தொடாமல் விட்டு, எந்த ஸ்பிரைட்டின் ஒய் தொடர்ந்து இறங்குகிறது என்று பார்த்தால் அது பழம். பழத்தைக் குளோனாக விழவிட்ட பிள்ளைகள் பலர். அங்கே மூல ஸ்பிரைட் மறைந்து நிற்கும், குளோன்கள்தான் இறங்கும். ஆகவே குளோன்களையும் சேர்த்தே கவனிக்க வேண்டும்.

விசையை அழுத்துவதிலும் ஒரு விஷயம். உண்மையான விசைப்பலகையில் விசையைப் பிடித்தபடி இருந்தால் அழுத்தம் மீண்டும் மீண்டும் வந்துகொண்டிருக்கும். 'வலது அம்பு அழுத்தப்பட்டால் 10 நகர்' என்று எழுதிய பிள்ளையின் கிண்ணம் அதனால்தான் தொடர்ந்து ஓடுகிறது. சோதனையில் ஒரே ஒரு முறை அழுத்தம் அனுப்பினால் 10 புள்ளி நகர்ந்து நின்றுவிடும். விசைப்பலகை செய்வது போலவே நாங்களும் இடைவெளி விட்டு அழுத்தத்தைத் திரும்ப அனுப்பினோம்.

மதிப்பெண்ணைக் கண்டுபிடித்த விதம்தான் எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி. எல்லா வேரியபிள்களின் மதிப்பையும் குறித்துக்கொண்டு, பழத்தைத் தூக்கிக் கிண்ணத்தின்மேல் வைத்து, சில சுற்றுகள் ஓட்டி, எது மாறியது என்று பார்க்கிறோம். ஆனால் நேரத்தை எண்ணும் வேரியபிளும் அதே வேளையில் மாறியிருக்குமே? அதனால் ஒவ்வொரு கோப்பையும் இரண்டு தடவை ஓட்டுகிறோம். ஒரு தடவை பழம் கிண்ணத்தைத் தொடும். அடுத்த தடவை அதே நேரத்தில், அதே தற்செயல் எண்களோடு, பழம் தொடாமல் தூரத்தில் இருக்கும். இரண்டிலும் மாறுவது நேரத்தை எண்ணும் வேரியபிள். தொட்டபோது மட்டும் மாறுவது மதிப்பெண். அதற்குப் பிள்ளை என்ன பெயர் வைத்திருந்தாலும் பிடிபட்டுவிடும். நிறத்தைத் தொட்டால், தூரம் குறைந்தால், ஒய் மதிப்பு இவ்வளவுக்குக் கீழே போனால் என்று பிள்ளைகள் எத்தனை வழியில் எழுதினாலும் கருவிக்கு எல்லாம் ஒன்றுதான்.

இந்த ஓட்டத்தில் அடிக்கடி தென்படுவது, ஒரு பழத்துக்கு மதிப்பெண் தாறுமாறாக ஏறுவது. பழம் தொட்டபின் அதை உடனே மேலே அனுப்பாவிட்டால், கிண்ணத்தைக் கடந்து இறங்கும்வரை ஒவ்வொரு சுற்றும் 'தொட்டது, கூட்டு' என்று எண்ணிக்கொண்டே போகும். எவ்வளவு ஏறியது என்ற எண்ணை அறிக்கையில் போடவில்லை. அது பழம் இறங்கும் வேகத்தைப் பொறுத்தது, திரையில் எதுவும் அசையாத நேரத்தில் பிள்ளை விளையாடும் கணினியின் வேகத்தையும் பொறுத்தது. 'ஒன்றுக்கு மேல் கூடுகிறது' என்று சொன்னால் போதும்.

மீண்டும் தொடங்குவதைச் சோதிப்பது எளிது. கொஞ்ச நேரம் ஓட்டி மதிப்பெண்ணை ஏற்றிவிட்டு, நிறுத்தி, கொடியை மறுபடி அழுத்தி, எல்லாம் தொடக்க நிலைக்கு வந்ததா என்று பார்ப்பது. பிள்ளைகள் விளையாடிவிட்டு அப்படியே சேமிப்பார்கள். கோப்புக்குள் மதிப்பெண் 14 என்றே கிடக்கும். கொடி அழுத்தியும் 14-லிருந்து தொடங்கினால் அங்கே ஒரு பாடம் இருக்கிறது.

படிப்பதும் வேண்டும்

ஓட்டிப் பார்த்தால் என்ன நடக்கவில்லை என்று தெரியும். ஏன் நடக்கவில்லை என்பதற்குக் கோப்பைத்தான் படிக்க வேண்டும். மதிப்பெண் கூடவில்லை என்று ஓட்டம் சொன்னதும், 'தொடுகிறதா' பிளாக் எங்கே இருக்கிறது என்று தேடுகிறோம். அது ஏதாவது சுழற்சிக்குள் இருக்கிறதா? அந்த ஸ்க்ரிப்டின் தலையில் கொடி, விசை, செய்தி என்று ஏதாவது தொடக்க பிளாக் இருக்கிறதா, அல்லது எதோடும் ஒட்டாமல் தனியாகக் கிடக்கிறதா?

தனியாகக் கிடக்கும் துண்டுகளை டாக்டர் ஸ்க்ராட்ச் கெட்ட பழக்கமாகக் குறிக்கும். நான் அப்படிப் பார்க்கவில்லை. அவை பெரும்பாலும் பிள்ளை முயன்று பார்த்துக் கழற்றி வைத்தவை. ஒரு கோப்பில் 'தொட்டால்' பிளாக் சரியான வடிவில் முழுதாகக் கட்டப்பட்டு, ஸ்க்ரிப்டுக்குப் பக்கத்திலேயே ஒட்டாமல் கிடந்தது. எங்கே ஒட்டுவது என்பதில்தான் அந்தப் பிள்ளைக்குச் சந்தேகம். இதைப் பிழையாகக் குறித்திருந்தால் அந்தத் தகவலே போயிருக்கும். அறிக்கையில் 'ஒட்டாத துண்டு இருக்கிறது, அதைப் பற்றிக் கேளுங்கள்' என்று மட்டும் வரும்.

பிளாக்கின் அடையாளச் சரம் எதிர்பாராத விதத்தில் கைகொடுத்தது. பிளாக்கைப் பெட்டியிலிருந்து இழுத்துப் போடும்போது ஸ்க்ராட்ச் அதற்குத் தற்செயலாக ஓர் அடையாளம் கொடுக்கும். கோப்பைச் சேமித்து மறுபடி திறந்தாலும் அது மாறாது. ஆசிரியை தொடக்கக் கோப்பு ஒன்று கொடுத்திருந்தார். அதிலிருந்த அடையாளங்களை ஒவ்வொரு பிள்ளையின் கோப்பிலிருந்தும் கழித்தால் பிள்ளை தானாகச் சேர்த்தது மட்டும் மிஞ்சும். அடையாளம் அதே, உள்ளே இருக்கும் எண் மட்டும் வேறு என்றால், கொடுத்ததைத் திருத்தியிருக்கிறாள். இதே வழியில், தொடக்கக் கோப்பில் இல்லாத அடையாளங்கள் இரண்டு பிள்ளைகளிடம் ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒரே கோப்பிலிருந்து கிளைத்தவை என்று தெரியும். ஆனால் இரண்டு பேர் ஒரு கணினியில் சேர்ந்து உட்காரும் வகுப்பில் அது குற்றமே அல்ல. அதனால் 'ஒரே கோப்பிலிருந்து வந்தவை' என்ற சொல்லுக்கு மேல் கருவி எதுவும் சொல்லாது. காப்பி என்ற சொல்லை அறிக்கையில் எங்கேயும் வைக்கவில்லை.

அறிக்கை

ஒரு பிள்ளைக்கு அரைப் பக்கம். மொத்த மதிப்பெண் கிடையாது. நடந்தது என்ன, நடக்காதது என்ன, கேட்க ஒரு கேள்வி. முதலில் சொன்ன கோப்புக்கு வந்தது இது: 'கிண்ணம் இரண்டு பக்கமும் நகர்கிறது. பழம் விழுகிறது. பழத்தைக் கிண்ணத்தின்மேல் வைத்தபோது எந்த எண்ணும் மாறவில்லை. தொட்டால் என்ற பிளாக் இருக்கிறது, சுழற்சிக்கு வெளியே இருக்கிறது. கேள்வி: பழம் கிண்ணத்தைத் தொட்டதா என்று இந்த நிரல் எத்தனை முறை பார்க்கிறது?'

ஆசிரியை அந்தக் கேள்வியை மட்டும்தான் கேட்டார். பிள்ளை ஸ்க்ரிப்டை விரலால் மேலிருந்து கீழே தொட்டுக்கொண்டே வந்தாள், சுழற்சிக்கு வந்ததும் விரல் அதற்குள்ளேயே சுற்றியது. "அப்ப இது வெளியே இருக்கே மிஸ்" என்று சொல்லி, பிளாக்கை எடுத்து உள்ளே போட்டாள்.

வகுப்புக்கு மொத்தமாக ஒரு பக்கம் தனியாக வரும். எந்தச் சிக்கல் எத்தனை பேரிடம் என்று அதில் இருக்கும். சோதனை சுழற்சிக்கு வெளியே நிற்பது பலரிடம் இருந்தால் அதைப் பலகையில் மறுபடி நடத்த வேண்டும்; ஒருவரிடம் மட்டும் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். கருவி தடுமாறிய கோப்புகளும் அந்தப் பக்கத்தின் மேலேயே தனியாக வரும்: கிண்ணம் எது என்று தெரியவில்லை, பழம் விழவில்லை, ஓட்டமே தொடங்கவில்லை. அவற்றுக்குத் 'தவறு' என்று குறி போடாமல் 'கையால் பார்க்கவும்' என்று போடுகிறோம். பழம் மேலிருந்து விழாமல் பக்கவாட்டில் பறந்து வரும்படி செய்த ஒரு பிள்ளை அந்தப் பட்டியலில்தான் இருந்தாள். வகுப்பிலேயே மிக நன்றாக இருந்தது அவள் செய்த விளையாட்டுதான்.

பள்ளி நிர்வாகத்துக்கு மதிப்பெண் வேண்டியிருந்தது, அது நியாயமும்கூட. அதை ஆசிரியை போட்டார், அறிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பிள்ளையிடம் பேசிய பிறகு. கருவியே போடட்டுமே என்ற யோசனை வந்தபோது நான் பிடிவாதமாக மறுத்தேன். கருவி பார்ப்பது கோப்பை மட்டும்தான். வீட்டில் அண்ணன் செய்து கொடுத்த பிசகில்லாத விளையாட்டும், தட்டுத் தடுமாறித் தானாகச் செய்த பாதி விளையாட்டும் அதற்கு வேறு வேறு என்று தெரியாது. எதிரில் உட்கார்ந்து 'இதை ஏன் இங்கே வைத்தாய்' என்று கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எல்லாம் ஆசிரியையின் கணினியிலேயே ஓடுகிறது, எந்தக் கோப்பும் வெளியே போவதில்லை. கோப்புப் பெயர்களில் பிள்ளைகளின் பெயரும் வகுப்பும் இருப்பதால் கருவி முதலில் அவற்றை எண்களாக மாற்றிவிடும். எந்த எண் யார் என்ற பட்டியல் அவரிடம் மட்டும்.

ஆட்டம் முடிவதைச் சோதிக்கும் பகுதியை எழுதவில்லை. ஒரு பிள்ளை எல்லாவற்றையும் நிறுத்துகிறாள், ஒருவன் பின்னணியை மாற்றுகிறான், இன்னொருத்தி பெரிய எழுத்தில் ஒரு ஸ்பிரைட்டைக் காட்டுகிறாள். முடிந்தது என்பது விளையாடுபவருக்குப் புரிகிறதா என்பதை மனிதக் கண்தான் பார்க்க வேண்டும். அழகு, கதை, ஒலி எதையும் கருவி தொடாது.

அடுத்த பணி வினாடி வினா. அதில் 'கேட்டுக் காத்திரு' பிளாக் வரும். கேள்வி வரும்போது எந்திரம் அறிவிக்கும், பதிலை நாமே அனுப்பலாம். ஸ்பிரைட் பேசுவதையும் அறிவிப்பாகவே பிடிக்கலாம். சரியான பதில், தவறான பதில், பதிலே எழுதாமல் எண்டர், முன்னும் பின்னும் இடைவெளி விட்ட பதில் என்று நான்கையும் அனுப்பிப் பார்க்கும் பகுதியை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். சரியான பதில் எது என்பதைப் பிள்ளையின் கோப்பிலிருந்தே, ஒப்பிடும் பிளாக்குக்குள் எழுதியிருக்கும் சொல்லிலிருந்து எடுக்கலாம். பதில்களை லிஸ்டில் வைத்திருப்பவர்களுக்கு என்ன செய்வது என்பதுதான் மிச்சம்.